சேற்று லாரி

ராத்திரி பதினொன்றரை இருக்கும். அவலூர்பேட்டையிலிருந்து செஞ்சிக்கு வருகிற ரோடு. நிலா இல்லை. ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை... நாய்களுக்குப் புத்தி உண்டு.

ஏரிக்கரை மேல் ஒரு லாரி நிற்கிறது. பழைய மிலிட்டரி லாரி, சப்பை மூக்கு. எஞ்சின் தானாக அணைந்துவிட்டது. முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் சரக்கு கிடையாது, வெறும் பலகை. அந்த வெறுமையிலிருந்து ஒரு சத்தம்.

டங்...

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.

டங்... டங்...

அலுமினியத் தட்டைக் கரண்டியால் தட்டுகிற சத்தம். நம் ஹாஸ்டல் மெஸ்ஸில் சோறு வர நேரமானால் நாம் தட்டுகிறோமே, அதே சத்தம்.

இது எங்கேயோ யாருக்கோ நடந்தது இல்லை. அந்த மூலையில் போர்வையை மூக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே ரத்னம், அவன் அத்தையைக் கட்டிய மாமாவுக்கு நடந்தது. அந்த அத்தை காலமாகி வருஷங்கள் ஆகின்றன. பொய்யென்றால் ரத்னம் இப்போதே சொல்லட்டும்... பாருங்கள், வாயைத் திறக்க மாட்டான்.

மாமா பெயர் ஜீவராஜ். நயினார் குடும்பம், அதாவது தமிழ்ச் சமணர்கள். பூர்வீகம் தொண்டூர். செஞ்சிக்கு வெளியே, ஏரிக்கரை சரிந்து இறங்குகிற இடத்தில், ஒற்றை வீடு. சுற்றிலும் மல்லாட்டைக் கொல்லை, வேர்க்கடலையைத்தான் அங்கே மல்லாட்டை என்பார்கள். வீட்டில் அவரும் அவருடைய அம்மா லீலாவதியும்தான். எறும்பு வரிசை குறுக்கே போனால் ஜீவராஜ் நின்று வழிவிடுவார். மல்லாந்து கிடக்கிற வண்டைப் புரட்டிவிட்டுத்தான் மேலே நடப்பார். கோபமெல்லாம் மனிதர்கள் மேல்தான். எறும்புகள் திருப்பிப் பேசாததால் பிழைத்தன.

அந்தக் கோபத்துக்கு அப்போது ராஜாராம் என்று ஒரு பெயர் இருந்தது. அவலூர்பேட்டை லாரிக்காரர், மண்டியிலும் அவர் வைத்ததுதான் சட்டம். அந்தப் பக்கத்து விளைச்சல் மண்டிக்குப் போக வேண்டுமென்றால் அவர் மனம் வைக்க வேண்டும். ஒரு வருஷம் ஜீவராஜின் மூட்டைகளை ஏற்ற 'நாளைக்கு, நாளைக்கு' என்று இழுத்தடித்தார். நடுவில் மழை கொட்டியது. மல்லாட்டை மூட்டைக்குள்ளேயே முளைத்துவிட்டது. ஜீவராஜ் முளைத்ததில் ஒரு கை அள்ளிக்கொண்டு மண்டி வாசலுக்கே போய் நின்றார்.

"மொளச்சிருச்சா? அப்ப மூட்டையோட நட்டுடு நயினாரே," என்றார் ராஜாராம்.

மண்டியே சிரித்தது. மூட்டை தூக்குகிறவர்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

"அடுத்த வெள்ளாமைய எஞ்சொந்த லாரில கொண்டாந்து இதே வாசல்ல எறக்கறேன்," என்றார் ஜீவராஜ். "இல்லேன்னா இதே வாசல்ல ஆயுசுக்கும் மூட்ட தூக்கறேன்."

ராஜாராம் தன் ஆட்களைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: "நயினாருக்கு ஒரு எடம் உட்டு வைங்கப்பா."

அடுத்த வருஷம் வானம் பொய்த்தது. ஏரி வற்றியது. சேற்றுக்கு நடுவில் இரும்பு வளையங்கள் தலை நீட்டின. பார்த்தால், ஒரு லாரியின் கூண்டு. யுத்த காலத்தில் ஒரு மழை ராத்திரி கரை உடைந்தபோது உள்ளே போன மிலிட்டரி லாரி. ஊருக்கு மறந்தே போயிருந்தது. சர்க்காருக்கு மறக்கவில்லை, உடனே ஏலம் போட்டது. 'இருக்கிற இடத்தில், இருக்கிற நிலையில்' என்று தண்டோரா. இருக்கிற இடம் சேறு, இருக்கிற நிலை துரு. அதில் வந்த ஆட்கள் என்ன ஆனார்கள் என்று தண்டோராக்காரனும் சொல்லவில்லை, கூட்டத்தில் யாரும் கேட்கவும் இல்லை. ஒரே ஒரு கை உயர்ந்தது. யார் கை என்று சொல்ல வேண்டியதில்லை.

ஊர் மாடுகளையெல்லாம் பூட்டி, சங்கிலி போட்டு இழுத்தார்கள். சேறு விடவில்லை. உள்ளேயிருந்து யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது என்று பிற்பாடு சொன்னார்கள். அப்போது யாரும் அப்படிச் சொல்லவில்லை, 'சேத்து லாரி, சேத்து லாரி' என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஜீவராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு தானும் நுகத்தடியில் தோள் கொடுத்தார். சாயங்காலம் லாரி கரை ஏறியது.

மெக்கானிக் விநாயகத்தின் பட்டறை கோட்டைச் சுவரை ஒட்டிப் போட்ட கீற்றுக் கொட்டகை. சுவரை ராஜா கட்டினார், கொட்டகையை விநாயகம் கட்டினான், எது முதலில் விழும் என்று ஊரில் பந்தயம் உண்டு. லாரியைப் பார்த்ததும் அவன் பீடியைக் காதில் செருகிக்கொண்டு, "இதுக்கு மெக்கானிக் வேணாம் நயினாரே, சாமியாரு வேணும்," என்றான். ஆனாலும் இறங்கிவிட்டான்.

வண்டி முழுக்கச் சேறு. சேறு முழுக்க உயிர். நத்தை, நண்டு, ஈரத்தில் புதைந்து கிடந்த விரால் குஞ்சு. மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவப் போன விநாயகத்தின் கையை ஜீவராஜ் பிடித்துக்கொண்டார். ஒவ்வொன்றாக எடுத்துக் குடத்தில் போட்டு, ஏரியில் மிச்சமிருக்கிற குட்டையில் விட்டுவிட்டுத்தான் கழுவ வேண்டும்.

"நான் ரிப்பேர் பண்றனா, பிரசவம் பாக்கறனா?" என்றான் விநாயகம்.

"பேசாம எடு."

எடுத்தான். குடம் குடமாகப் போயிற்று. கடைசியில், லாரியிலிருந்து எல்லாரையும் இறக்கியாயிற்று என்று இரண்டு பேரும் நம்பினார்கள்.

எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. டிரைவர் சீட்டுக்கு அடியில் ஓர் அலுமினியத் தட்டு மட்டும் கிடைத்தது. விளிம்பு நசுங்கியிருந்தது. ஒரே இடத்தில் தட்டித் தட்டிக் குழி விழுந்திருந்தது. விநாயகம் அதில் மண்ணெண்ணெய் ஊற்றி போல்ட்டுகளை ஊறப் போட்டான். அருமையான தட்டு என்று பாராட்டவும் செய்தான்.

பிஸ்டன்கள் இறுகிக் கிடந்தன. சிலிண்டருக்குள் மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்து, தினமும் காலையில் வந்து கைப்பிடி போட்டுச் சுற்றிப் பார்ப்பார்கள். அசையாது. ஜீவராஜ் அதைத் திட்டுவார், ராஜாராமையும் சேர்த்து. ஒரு நாள் திட்டிக்கொண்டே சுற்றியபோது அரை விரற்கடை நகர்ந்தது. அப்புறம் முழுச் சுற்று. ரேடியேட்டர் ஒரு செத்த பஸ்ஸிலிருந்து வந்தது, மற்றதெல்லாம் மதராஸ் பழைய இரும்புக் கடைகளிலிருந்து. மாசி மாதத்தில் ஒரு மத்தியானம் லாரி இருமியது. கறுப்புப் புகை, காய்ந்த சேறு, அழுகின தாமரைக்கிழங்கு நாற்றம்... அப்புறம் நின்று, நிதானமாக, ஓட ஆரம்பித்தது. கோட்டைச் சுவரிலிருந்த வௌவால்கள் பட்டப்பகலில் கிளம்பிப் போயின. ஜீவராஜ் சிரிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அழுதார்.

சக்கரத்துக்குக் காவு கொடுக்க விநாயகம் ஒரு சேவல் கொண்டுவந்தான். சேவலை ஜீவராஜ் பிடுங்கித் தன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பூசணிக்காயில் குங்குமம் தடவி உடைக்கவும் விடவில்லை, வெட்டுகிற மாதிரி நினைப்பதே வெட்டுவதுதான் என்றார். எலுமிச்சம்பழத்துக்கு மட்டும் ரொம்ப நேரம் யோசித்துச் சம்மதித்து, சக்கரம் ஏறும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இறைவைப் பாசனத்தில் மிஞ்சிய மல்லாட்டையை ஏற்றிக்கொண்டு அவலூர்பேட்டை மண்டி வாசலில் போய் நின்றது லாரி. ராஜாராம் வெளியே வந்தார். லாரியைப் பார்த்தார். அதை ஒரு முறை சுற்றி வந்தார்.

"எனக்கு உட்டு வச்ச எடத்த வேற யாருக்காவது குடு," என்றார் ஜீவராஜ்.

கதை இங்கே முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் ராஜாராம் வேலையைக் காட்டிவிட்டார். எடை போட ஆள் இல்லை, அப்புறம் தராசு சரியில்லை, அப்புறம் குமாஸ்தாவுக்கு வயிற்று வலி. எல்லாம் முடியும்போது ராத்திரி பத்து தாண்டிவிட்டது. ஜீவராஜ் காலையிலிருந்து சாப்பிடவில்லை. அவர்கள் வீட்டில் விளக்கு வைத்தபின் யாரும் வாயில் ஒன்றும் போடுவதில்லை. இருட்டில் தெரியாமல் ஒரு பூச்சியைத் தின்றுவிட்டால் என்ன செய்வது. அதனால் அடுப்பும் எரியாது. விநாயகத்துக்கு அந்தக் கவலை இல்லை, கடையில் இட்லியும் கறிக்குழம்புமாக ஒரு கட்டு கட்டினான். இரண்டு பேரும் கிளம்பினார்கள்.

ஏரிக்கரை. பதினொன்றரை. எஞ்சின் அணைந்தது.

டங்...

"தார்ப்பாய் கம்பியா இருக்கும்," என்றார் ஜீவராஜ்.

"தார்ப்பாய் ஏது?" என்றான் விநாயகம்.

முதலில் சேற்று வாசனை வந்தது. ஏரி காய்ந்து கட்டியாய்க் கிடந்தது, ஆனாலும் ஈரச் சேற்று வாசனை. அதற்குப் பின்னால் இன்னொன்று... கொதிக்கிற சோற்றின் கஞ்சி வாசனை. சுற்று வட்டாரத்தில் எங்கேயும் அடுப்பில்லை. விநாயகம் இறங்கி, டார்ச்சைப் பின்னால் அடித்தான். பலகை மேல் அந்த அலுமினியத் தட்டு இருந்தது. பட்டறையில் போல்ட் நிறைய விட்டு வந்த தட்டு. துடைத்த மாதிரி காலியாக இருந்தது.

"எம் போல்ட்டெல்லாம் எங்க?" என்றான் விநாயகம். பயத்தில் மனிதனுக்கு எது ஞாபகம் வரும் என்று சொல்ல முடியாது.

டங்... டங்... தட்டு அசையவில்லை. சத்தம் மட்டும் வந்தது.

விநாயகம் திரும்பி வந்து ஜீவராஜின் காதோடு சொன்னான். "நயினாரே, அதுக்குப் பசிக்குது. வேற ஒண்ணும் இல்ல. எங்க பக்கம் இதுக்கெல்லாம் ஒரு புடி சோறு வைப்பாங்க. உன் வூடு தோ கீழ இருக்குது. கொண்டாந்து வச்சுட்டுத் திரும்பிப் பாக்காம பூடலாம்."

நியாயமான யோசனை. வேறு யாராயிருந்தாலும் கேட்டிருப்பார்கள். ஜீவராஜுக்கு வயிறு எரிந்தது, ராஜாராம் எரித்தது பாதி, பசி எரித்தது பாதி. கதவைத் திறந்து இறங்கி, லாரியின் பின்பக்கம் போய், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"யாரா வேணா இரு," என்றார். "இருட்டுனப்புறம் எங்க வூட்ல அடுப்பு எரியாது. எனக்கே இல்ல, உனக்கு இன்னா தனியா. பசின்னா விடிஞ்சு வா. பொழுதோட வா. வயிறு ரொம்பப் போடறேன்."

சத்தம் நின்றது.

பேய்களை ராத்திரியில் விரட்டினவர்கள் உண்டு. பேயைப் பகலில் சாப்பிடக் கூப்பிட்ட ஆள், எனக்குத் தெரிந்து, இவர் ஒருவர்தான்.

அப்புறம்... தட்டு எழும்பியது. பலகையில் அடித்தது. கூண்டு வளையத்தில் அடித்தது. டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்த தகட்டில் அடித்து அடித்து அதை உள்பக்கமாகப் பிதுக்கியது. லாரி ஸ்பிரிங்கோடு ஆடியது. அது பசியின் சத்தம் இல்லை. கோபத்தின் சத்தம். இந்த விஷயத்தில் ஜீவராஜுக்கு நல்ல அனுபவம் உண்டு. ஆனால் இத்தனை வருஷத்துக் கோபத்தை அவர் கேட்டதில்லை.

சட்டென்று நின்றது. யாரோ பின்பலகையிலிருந்து குதித்தார்கள். பூட்ஸ் கால். உள்ளே தண்ணீர் நிறைந்த பூட்ஸ். சளப்... சளப்... சளப்... கரையிலிருந்து கீழே இறங்கி, ஜீவராஜின் வீட்டுப் பக்கமாகப் போயிற்று.

எஞ்சின் தானாகக் கிளம்பியது.

வீட்டில் லீலாவதி விழித்துக்கொண்டிருந்தாள். வாசல் மண் காய்ந்துதான் இருந்தது. ஜீவராஜ் நடந்ததையெல்லாம் கத்திக் கத்திச் சொன்னார். தட்டு என்று சொன்னபோது அவள் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நீயுமா அப்டி சொன்ன?" என்றாள்.

"நீயுமான்னா?"

"அந்தக் கர ஒடஞ்ச அன்னிக்கு... மழ ஊத்துது. உன் நைனா ஊர்ல இல்ல. நீ சின்னப் புள்ள, காச்சல்ல கெடக்கற. ஒருத்தன் வந்து கதவத் தட்டறான். காக்கிச் சட்ட. அவன் பேச்சு எனக்குப் புரியல. தட்டக் காட்டறான். கரண்டியால தட்டித் தட்டிக் காட்டறான்."

"நீ இன்னா சொன்ன?"

"அடுப்பு அணைச்சாச்சு, விடிஞ்சு வாப்பான்னு கையக் காட்டுனேன். புரிஞ்ச மாரி தலைய ஆட்டுனான். போயிட்டான்."

ஜீவராஜ் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார். "அடுப்பு வேணாம்மா. ஒரு கை பொரி இல்லியா வூட்ல?"

அவள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருந்துது," என்றாள். "கருக்கல்ல எழுந்து சோறு வடிச்சேன். எடுத்துக்குனு கரைக்குப் போனேன். கரையே இல்ல."

அன்றைக்கு அவருக்கு வந்த கோபம் அதுவரை வந்ததே இல்லை. யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

விடிந்தது. அம்மா சோறு வடித்தாள். ஜீவராஜ் அந்தத் தட்டைச் சாம்பலும் புளியும் போட்டு மண்ணெண்ணெய் நாற்றம் போகத் தேய்த்தார். கூடத்தில் மணை போட்டு, தட்டு வைத்து, சோறு போட்டார்கள். காத்திருந்தார்கள். கூப்பிட்ட விருந்தாளி சாப்பிடாமல் வீட்டார் சாப்பிடுவது அந்த வீட்டில் வழக்கமில்லை. மத்தியானம் ஆயிற்று. யாரும் வரவில்லை. சோறு ஆறியது. சூரியன் ராஜகிரி மலைக்குப் பின்னால் இறங்கிற்று. அம்மா விளக்கேற்ற எழுந்தாள். ஒரு நொடி... இரண்டு பேர் முதுகும் திரும்பிய நொடி.

கரண்டி தட்டைச் சுரண்டியது.

திரும்பிப் பார்த்தால் தட்டு காலி. ஒரு பருக்கை இல்லை. இருட்டிவிட்டது. அம்மாவும் மகனும் பட்டினியாகப் படுத்தார்கள். ஆனாலும் நிம்மதியாகப் படுத்தார்கள். பழைய பாக்கி போயிற்று, இனி அவன் வர மாட்டான் என்று.

நடுச்சாமத்தில், வாசலில் நிற்கிற லாரியிலிருந்து...

டங்...

இன்னொன்று, கொஞ்சம் கனத்த சத்தம். டொங்... அப்புறம் வேறொன்று. அப்புறம் நிறைய. மெஸ் மாதிரி.

காலையில் விநாயகம் வந்து கேட்டுவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டான். "மிலிட்டரி லாரில டிரைவரு மட்டுமா நயினாரே வருவான்? எத்தினி பேருன்னு கேட்டுட்டில்ல கூப்புட்டுருக்கணும்." அன்றைக்கே ஸ்பானர்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு திண்டிவனம் பக்கம் போய்விட்டான். சேவலைக்கூடத் திருப்பிக் கேட்கவில்லை.

லாரி அதற்கப்புறம் ஒரு நாளும் நிற்கவில்லை. சேற்றில் கிடந்த வண்டியா என்று கேட்கிற மாதிரி ஓடுகிறது. ஜீவராஜ் ஜெயித்துவிட்டார். ஆனால் ஏற்றிப் போகிறது மல்லாட்டை, ஏற்றி வருகிறது அரிசி. ஊரெல்லாம் ரேஷனில் அரை வயிறாக நிற்கிற காலத்தில், எங்கெங்கோ அலைந்து அரிசி. அந்த லாரியின் கிட்டே எந்த ஆளும் வருவதில்லை. அதனால் அவலூர்பேட்டை மண்டி வாசலில், தன் சொந்த லாரிக்கு, தானே முதுகில் மூட்டை தூக்குகிறார். ராஜாராம் சிரிப்பதில்லை. ஒரு நாள் அவர் பார்த்துவிட்டார்... ஒரு மூட்டைகூட ஏற்றாத லாரி, பாரம் ஏற்றிய மாதிரி, ஸ்பிரிங் பட்டைகள் படிந்து நின்றது.

"வித்துத் தொலை நயினாரே," என்று அவரே சொன்னார்.

"கூப்புட்டுட்டேன்," என்றார் ஜீவராஜ், பல்லைக் கடித்துக்கொண்டு.

போன லீவுக்கு ரத்னம் அங்கே போயிருந்தான். சாயங்காலம் போய்ச் சேர்ந்தான், அகோரப் பசி. கூடத்தில் வரிசையாக இலை போட்டிருந்தது. வரிசையின் முதலில் அந்த அலுமினியத் தட்டு. எல்லாவற்றிலும் சோறு, ஆவி பறக்கிறது. மணைகளில் யாரும் இல்லை. மாமா குழம்புத் தூக்கோடு குனிந்து குனிந்து ஊற்றிக்கொண்டு போகிறார். முதுகெலும்பை எண்ணிவிடலாம். லீலாவதி விறகுக் குச்சி மாதிரி இருக்கிறாள். ஆனால் முகம் அப்படி ஒரு சிரிப்பு. கல்யாண வீட்டுச் சிரிப்பு.

ரத்னம் ஓரத்து மணையில் உட்காரப் போனான்.

"இரு கண்ணு," என்றாள். "இந்தப் பந்தி எழுந்துக்கட்டும்."

நின்றான். மாமா ஒரு முறை எல்லார் பக்கமும் முதுகைத் திருப்பினார், அம்மாவும் திரும்பினாள், ரத்னத்தின் தலையைப் பிடித்து அவனையும் திருப்பினாள். திரும்பிப் பார்த்தபோது இலைகள் மடித்துக் கிடந்தன. எல்லாம் எதிர்ப்பக்கமாக மடித்து. சாவு வீட்டில் மடிக்கிற மாதிரி. மாமா எடுத்துப் போட்டுவிட்டு, இடத்தைத் துடைத்து, புது இலை போட்டார். வாசலில் லாரியின் பட்டைகள் கிறீச்சென்று கொஞ்சம் நிமிர்ந்தன. அடுத்த பந்தி. அதற்கு அடுத்தது. ராஜகிரியின் நிழல் கொல்லையைத் தாண்டி, வாசலைத் தாண்டி, படியேறியது.

பானையில் இன்னும் சோறு இருந்தது. ரத்னம் கையை நீட்டினான். லீலாவதி வெளியே எட்டிப் பார்த்தாள். பானையை மூடினாள்.

"வெளக்கு வச்சாச்சு கண்ணு," என்று அவன் தலையைத் தடவினாள். "விடிஞ்சு சாப்டுவ."

அன்று ராத்திரி லாரியில் ஒரு சத்தமும் இல்லை. ரத்னத்துக்குப் பசியில் தூக்கம் வரவில்லை. எப்போதோ கண் அசந்திருக்கிறான்.

டங்...

விழித்துக்கொண்டான். வாசலிலிருந்து வரவில்லை. வீட்டுக்குள்ளிருந்து, பக்கத்திலிருந்து வந்தது. கூடத்து இருட்டில் மாமா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. குறட்டைகூட வந்தது. மடியில் அந்தக் காலித் தட்டு. கையில் கரண்டி.

டங்... டங்...

அடுத்த அறையிலிருந்து லீலாவதி, தூக்கம் கலையாமல், ரொம்ப அன்பாகச் சொன்னாள்.

"விடிஞ்சு வாப்பா."